மனிதன் என்னும் விலங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யானையைப் பற்றி எழுதினால் உடலமைப்பு, உணவு, குட்டி வளர்ப்பு, கூட்ட வாழ்க்கை, காட்டில் அதன் பங்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். மனிதனைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்த நிதானம் போய்விடுகிறது. ஒன்று, படைப்பின் சிகரம் என்று துதி பாடுகிறோம். இல்லையென்றால், பூமியைப் பிடித்த நோய் என்று திட்டித் தீர்க்கிறோம். இங்கே இரண்டும் இல்லை. பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, வேறெந்த விலங்கையும் விவரிப்பதுபோலவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மனிதனை விலங்கு என்று சொல்வது சரிதானா?

சரிதான். நமக்கு முதுகெலும்பு இருக்கிறது, உடம்பில் முடி இருக்கிறது, தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், ஆகவே பாலூட்டி. கண்கள் இரண்டும் முன்னோக்கி இருக்கின்றன, கைகள் பற்றிப் பிடிக்கின்றன, விரல் நுனியில் வளைந்த உகிர் இல்லாமல் தட்டை நகம் இருக்கிறது. ஆகவே குரங்குகள் அடங்கிய பிரைமேட் வரிசை. வால் இல்லை, ஆகவே கிப்பன், ஒராங்உட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ ஆகியவை இருக்கும் வாலில்லாக் குரங்குகளின் கூட்டம்.

1758-இல் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் உயிர்களை வகைப்படுத்தியபோது மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் வைத்து, குரங்குகளோடு ஒரே வரிசையில்தான் நிறுத்தினார். டார்வின் பிறக்க அப்போது இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. லின்னேயஸ் படைப்பை நம்பியவர். ஆனாலும் உடல்களை ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மனிதனை வைக்க வேறு இடம் தென்படவில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்னும் குரங்குகள் இருப்பது ஏன்?

இன்றுள்ள எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. உங்களுக்கும் உங்கள் சித்தப்பா மகனுக்கும் தாத்தா ஒருவரே. அதற்காக நீங்கள் அவருக்குப் பிறந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் பிறந்ததால் அவர் மறைந்துபோகவும் இல்லை. சிம்பன்சி நமக்கு அந்த முறைதான். இரண்டு கிளைகளும் பிரிந்தது சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பொது மூதாதை மனிதனும் அல்ல, சிம்பன்சியும் அல்ல. பிரிந்த பிறகு நாம் மாறியதைப் போலவே சிம்பன்சிகளும் தங்கள் வழியில் மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

சிம்பன்சிக்கும் நமக்கும் 98 சதவீதம் ஒன்று என்கிறார்களே, அது எப்படி?

இரண்டு டி.என்.ஏ. வரிசைகளையும் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தால், பொருத்த முடிகிற பகுதிகளில் வேறுபாடு ஏறத்தாழ 1.2 சதவீதம்தான். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத துண்டுகளையும் கணக்கில் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே ‘98’ என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த எண். அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால் இதைவிட அழகான சான்று குரோமோசோம்களில் இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்உட்டான் மூன்றுக்கும் 48 குரோமோசோம்கள், நமக்கு 46. ஒரு ஜோடி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. நம் முன்னோரிடம் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டன. அதுதான் நம் இரண்டாம் குரோமோசோம். வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை அதன் நடுவே கிடக்கிறது. ஒட்டுப் போட்ட தையல் இன்னும் தெரிகிறது.

நம் சிற்றினத்துக்கு வயது என்ன? எங்கே தோன்றியது?

ஆப்பிரிக்காவில், சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளுக்கு அந்த வயது இருப்பதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. அந்த மண்டையோடுகளில் முகம் கிட்டத்தட்ட நம் முகம். ஆனால் மூளை இருக்கும் பெட்டி இன்னும் நீண்டு தாழ்ந்த பழைய வடிவில் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே ஊரில் மனிதன் தோன்றினான் என்று எண்ண வேண்டியதில்லை. அந்தக் கண்டம் முழுக்கச் சிதறிக் கிடந்த கூட்டங்கள் கலந்தும் பிரிந்தும் மெல்ல மெல்ல நாமாக மாறியதாகவே இன்று பலரும் கருதுகிறார்கள்.

நியாண்டர்தால் மனிதர்கள் வேறு இனமா? அவர்களை நாம் அழித்துவிட்டோமா?

மிக நீண்ட காலம் உலகில் ஒரே சமயத்தில் பல வகை மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதைத்தான் முதலில் மனத்தில் வாங்க வேண்டும். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் நியாண்டர்தால்கள். ஆசியாவின் வேறு பகுதிகளில் டெனிசோவர்கள். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ஒரு மீட்டர் உயரமே இருந்த குள்ள மனிதர்கள். மனிதர் என்றால் ஒரே ஒரு வகைதான் என்ற இன்றைய நிலைதான் நம் வரலாற்றில் விதிவிலக்கு.

2010-இல் ஸ்வாண்டே பேபோ தலைமையிலான குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் கொண்ட இன்றைய மக்களின் டி.என்.ஏ.வில் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால்களுடையது என்று தெரிந்தது. அதே ஆண்டு, சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறு விரல் எலும்பிலிருந்து, அதுவரை யாருக்கும் தெரியாத டெனிசோவர் என்ற மனிதக் கூட்டமே வெளிப்பட்டது. இந்த ஆய்வுகளுக்காக பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே குகையின் இன்னொரு எலும்புத் துண்டு ஒரு பதின்பருவப் பெண்ணுடையது. தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர்.

இவர்களை நாம் கொன்றோமா, உணவுக்கான போட்டியில் தோற்கடித்தோமா, கலந்து கரைத்துக்கொண்டோமா என்றால் ஒற்றைப் பதில் இல்லை. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு நியாண்டர்தால்கள் மறைந்தார்கள்; கொஞ்சம் நம் உடம்பிலேயே இருக்கிறார்கள். ‘வேறு இனமா’ என்ற கேள்விக்கு, வேறு இனம் என்று சொல்லும் அளவுக்கு விலகியிருந்தார்கள், பிள்ளை பெறும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். இயற்கை நம் வகைப்பாட்டுக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை.

இரண்டு காலில் நடப்பதால் என்ன லாபம்?

முதல் லாபம் சிக்கனம். ஒரே தூரத்தை நடக்க ஒரு சிம்பன்சி செலவழிக்கும் ஆற்றலில் மனிதனுக்குக் கால் பங்கு போதும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது, கைகள் விடுதலையாகின்றன. சுமக்கலாம், எறியலாம், செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளுக்கு வயது 36 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். நம் காலடிகளைப் போலவே இருக்கின்றன. எத்தியோப்பியாவில் 1974-இல் கண்டெடுக்கப்பட்ட, லூசி என்று அழைக்கப்படும் 32 லட்சம் ஆண்டு பழைய பெண்ணும் நிமிர்ந்து நடந்தவள். ஆனால் அவள் மூளையின் அளவு ஏறத்தாழ சிம்பன்சியின் மூளை அளவே. அறிவு வளர்ந்ததால் எழுந்து நின்றோம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படி அல்ல. முதலில் கால், வெகுகாலம் கழித்து மூளை.

நஷ்டக் கணக்கும் உண்டு. நான்கு காலுக்காக அமைந்த முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்தியதன் பலனை முதுகுவலிக்காரர்கள் அறிவார்கள்.

மற்றக் குரங்குகளுக்கு உள்ளதுபோல் உடல் முழுக்க ரோமம் நமக்கு ஏன் இல்லை?

இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிட்டது. முடிக்கால்களின் எண்ணிக்கையில் நாம் சிம்பன்சிக்குப் பெரிதாகக் குறைந்தவர்கள் அல்லர். நம் தோலின் உண்மையான சிறப்பு வியர்வை. 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உடலெங்கும் பரவியிருக்கின்றன. ரோமப் போர்வை இல்லாததால் வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. வேகத்தில் நாம் எந்த மானுக்கும் ஈடில்லை. ஆனால் உச்சி வெயிலில் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்க மானால் முடியாது, மனிதனால் முடியும். இளைத்து இளைத்து மூச்சால் வெப்பத்தை வெளியேற்றும் விலங்கைத் துரத்தித் துரத்தி, அது சூடேறிச் சாயும்வரை விடாமல் பின்தொடரும் வேட்டை முறை சில சமூகங்களில் அண்மைக்காலம் வரை இருந்தது.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது உண்மையா?

பொய். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, சும்மா இருக்கும் நேரத்திலும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. 90 சதவீதம் வேலை செய்யாத ஓர் உறுப்புக்கு இத்தனை தீனி போட்டு வளர்க்கும் விலங்கு பிழைத்திருக்காது.

சமைப்பதற்கும் பரிணாமத்துக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. நம் பற்கள் சிறியவை, தாடை வலுவற்றது, குடல் நம் உடல் அளவுள்ள குரங்குக்கு இருக்க வேண்டியதைவிடக் குட்டையானது. பச்சையாகத் தின்று வாழ ஏற்ற உடல் அல்ல இது. நெருப்பு உணவைப் பாதி செரித்துத் தருகிறது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் 10 லட்சம் ஆண்டு பழைய சாம்பல் கிடைத்திருக்கிறது. மூளையின் பசிக்கு அடுப்புதான் வழி செய்தது என்ற கருத்தை ரிச்சர்ட் ராங்கம் முன்வைத்தார். சமையல் எப்போது தொடங்கியது என்பதில் சண்டை ஓயவில்லை. ஆனால் நெருப்பு இல்லாமல் வாழும் மனிதச் சமூகம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியானால் நம் வெற்றிக்குக் காரணம் நம் புத்திசாலித்தனம்தானே?

பாதிதான் உண்மை. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: தனி மனிதனின் புத்தி நாம் நினைப்பதைவிடச் சிறியது, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவந்த அறிவு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

1861-இல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் கூப்பர் ஓடைக்கரையில் பர்க், வில்ஸ், கிங் என்ற மூன்று பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள். கொண்டுவந்த உணவு தீர்ந்தது. அந்த இடத்தில் யாண்ட்ருவாந்தா மக்கள் காலங்காலமாக வாழ்ந்துவந்தார்கள். அவர்கள் நார்டூ என்ற நீர்ப்பெரணியின் வித்துறைகளை அரைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து இவர்களும் அரைத்துச் சாப்பிட்டார்கள். வயிறு நிறையத் தின்றும் உடல் தளர்ந்துகொண்டே போவதாக வில்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். நார்டூவில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. உள்ளூர் மக்களின் பக்குவத்தில் அந்த நஞ்சு முறிந்துவிடும். அந்தப் பக்குவம் இவர்களுக்குத் தெரியாது. பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். கிங் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்தார். அவர்கள் கொடுத்ததை உண்டு, மீட்புக் குழு வரும்வரை உயிரோடு இருந்தார்.

வில்ஸ் அறிவாளி, வானியலும் நில அளவையும் கற்றவர். உணவு நிறைந்திருந்த ஓர் இடத்தில் அந்தப் படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. நொதி என்ற ஒன்று இருப்பது யாண்ட்ருவாந்தா மக்களுக்கும் தெரியாது. ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்பது தெரியும். காரணம் தெரியாமலே சரியாகச் செய்வதுதான் மனிதனின் தனித்திறன்.

2005-இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் நடத்திய சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. பரிசு ஒளித்துவைத்த ஒரு பெட்டி. அதைத் திறக்கும்போது தேவையான செயல்களோடு தேவையில்லாத சிலவற்றையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பெட்டியைக் கொடுத்தபோது இளம் சிம்பன்சிகள் வீண் செயல்களை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ பார்த்ததை அப்படியே, வீண் செயல்கள் உட்பட, செய்தார்கள். யார் புத்திசாலி? அந்த நிமிடத்தில் சிம்பன்சிதான். ஆனால் நார்டூவின் பக்குவம்போல எந்தப் படி தேவை, எந்தப் படி வீண் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்களில், கண்ணை மூடிக்கொண்டு பெரியவர்களைப் பின்பற்றும் குழந்தைதான் பிழைக்கும். நாம் செய்யும் மூடத்தனங்கள் பலவற்றுக்கும் வேர் இதே பழக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனிதக் குழந்தை ஏன் இத்தனை ஆண்டுகள் பிறரை நம்பியே வாழ்கிறது?

பிறக்கும்போது நம் மூளை முழு வளர்ச்சியில் 30 சதவீதத்துக்கும் குறைவு. மீதி வளர்ச்சி வெளியே, மனிதர்கள் நடுவே, மொழியும் பழக்கங்களும் காதில் விழும்போது நடக்கிறது. மேலே சொன்ன சேர்ந்துவந்த அறிவை ஏற்றிக்கொள்ள இந்த நீண்ட பிள்ளைப் பருவம் தேவை. ஒரு சிக்கல்: முதல் பிள்ளை தன் காலில் நிற்பதற்கு முன்பே தாய் அடுத்த பிள்ளையைப் பெறுகிறாள். சிம்பன்சித் தாய் குட்டிகளுக்கு இடையே ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி விடுகிறாள். மனிதத் தாயால் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. தந்தை, அத்தை, மூத்த பிள்ளைகள், எல்லோருக்கும் மேலாகப் பாட்டி கைகொடுக்க வேண்டும்.

பாட்டி என்பதே விலங்குலகில் அபூர்வம். பெரும்பாலான பெண் விலங்குகள் சாகும் காலம்வரை ஈனக்கூடியவை. மாதவிடாய் நின்ற பிறகும் பல்லாண்டு வாழ்வது மனிதப் பெண்கள், கொலைகாரத் திமிங்கிலம் போன்ற சில பல் திமிங்கிலங்கள் என விரல்விட்டு எண்ணக்கூடியவை. உகாண்டாவின் ங்கோகோ காட்டுச் சிம்பன்சிகளிலும் இது இருப்பதாக 2023-இல் தெரியவந்தது. தான்சானியாவின் ஹாட்ஸா மக்களிடையே கிழங்கு தோண்டும் பாட்டிகளை ஆராய்ந்த கிறிஸ்டன் ஹாக்ஸ், பாட்டி கொண்டுவரும் உணவு பேரப்பிள்ளைகளைக் காப்பதால்தான் நீண்ட ஆயுளே நமக்கு வாய்த்தது என்று வாதிட்டார்.

முற்கால மனிதர்கள் 30 வயதில் கிழவர்களாகிச் செத்தார்களா?

இல்லை. சராசரி ஆயுள் 30 என்றால் எல்லோரும் 30 வயதில் இறந்தார்கள் என்று பொருள் அல்ல. குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி இறங்கியது. இன்றைய வேட்டை-சேகரிப்புச் சமூகங்களில் வயது வந்தபின் இறப்போரில் மிகப் பலர் இறப்பது 70 வயதை ஒட்டித்தான்.

மனிதன் இயல்பிலேயே கொடியவனா, நல்லவனா?

இரண்டு எலும்புக் குவியல்களைச் சொல்கிறேன். கென்யாவின் நட்டாருக்கில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு இறந்த குறைந்தது 27 பேரின் எச்சங்கள் கிடைத்தன. முழுமையாகத் தேறிய 12 எலும்புக்கூடுகளில் 10-இல் வன்முறையின் தடயங்கள். இறந்தவர்களில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருந்த ஒருத்தியும் உண்டு. போர்னியோவின் லியாங் தெபோ குகையில் 31,000 ஆண்டு பழைய இளைஞர் ஒருவரின் எலும்புக்கூடு. சிறு வயதில் இடது காலின் கீழ்ப்பகுதி வெட்டி அகற்றப்பட்டு, புண் ஆறி, அதற்குப் பின் ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். உலோகமே அறியாத காலம். மலைப்பாங்கான அந்த நிலத்தில் ஒற்றைக் காலோடு ஒருவர் அத்தனை ஆண்டுகள் வாழ வேண்டுமென்றால் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும், தூக்கிச் சென்றிருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே விலங்கின் வேலைதான். கூட்டத்துக்குள் நாம் அதிசயமாகச் சாதுவானவர்கள்: முன்பின் தெரியாத நூறு பேரோடு ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்து நின்று யாரையும் கடிக்காமல் இறங்கிப்போகிறோம், சிம்பன்சிகளால் இது முடியாது. திட்டமிட்டுக் கூட்டாகக் கொல்வதிலோ நம்மை மிஞ்ச ஆளில்லை. கூடி வேலை செய்யும் திறன் ஒன்றேதான். மருத்துவத்துக்கும் அதுதான் வேண்டும், படையெடுப்புக்கும் அதுதான் வேண்டும்.

தோல் நிறத்தை வைத்து மனிதர்களை இனங்களாகப் பிரிப்பதற்கு உயிரியலில் ஆதாரம் உண்டா?

கிடையாது. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் எந்த ஒரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவொண்டின் 1972-இல் கணக்கிட்டுச் சொன்னார். பின்வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே காட்டின. எந்த இரு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்று. ஆப்பிரிக்கக் காட்டில் ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் வாழும் சிம்பன்சிக் கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகூட, வெவ்வேறு கண்டத்து மனிதர்களிடையே இல்லை.

நிறம் என்பது வெயிலுக்கான ஏற்பாடு. வெயில் கடுமையான இடத்தில் மெலனின் மிகுந்த கருந்தோல், உடலிலுள்ள ஃபோலேட் சத்தைப் புற ஊதாக் கதிர்களிடமிருந்து காக்கிறது. வெயில் குறைந்த இடத்தில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாக வெளிர்தோல் உதவுகிறது. மேலே பூசிய இந்த மெல்லிய வண்ணத்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்த கொடுமைகளுக்கு உயிரியலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மனிதனின் பரிணாமம் நின்றுவிட்டதா?

இல்லை. பால் குடிக்கும் பருவம் கடந்த பின்னும் பாலைச் செரிக்கும் திறன் இன்று உலகில் மூன்றில் ஒரு பங்குப் பெரியவர்களுக்கே உண்டு. மாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் பரவிய திறன் அது. திபெத்தியர்கள் பிராணவாயு குறைந்த உயரத்தில் வாழ உதவும் மரபணு வடிவம் டெனிசோவர்களிடமிருந்து வந்த சொத்து. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் மூச்சடக்கி மூழ்கியே பிழைக்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் வாழும் நிலவாசிகளின் மண்ணீரலைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது என்று 2018-இல் கண்டறிந்தார்கள். நீருக்குள் இருக்கும்போது பிராணவாயு ஏற்றிய ரத்தத்தைச் சேமித்துத் தரும் உறுப்பு அது. பண்பாடு உடலை மாற்றுகிறது. மாறிய உடல் பண்பாட்டைத் தாங்குகிறது.

உடலில் நம் செல்களைவிட பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகமாமே?

பழைய கணக்கு. 2016-இல் திருத்தப்பட்ட மதிப்பீட்டின்படி மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவர்கள் நாம்தானே?

தின்பதை வைத்துப் பார்த்தால் இல்லை. தாவரத்துக்கு 1, தாவர உண்ணிக்கு 2, பிற வேட்டை விலங்குகளையும் தின்னும் உச்ச வேட்டையாடிக்கு 5-ஐ ஒட்டி என்று சூழலியலாளர்கள் படிநிலை தருவதுண்டு. உலக மனிதனின் சராசரி உணவை வைத்து 2013-இல் கணக்கிட்டபோது கிடைத்த எண் 2.21. நெத்திலி மீனும் பன்றியும் நிற்கும் படி அது. சிங்கத்தைச் சின்னமாக வைத்துக்கொள்ளும் நாடுகள் இதை யோசிக்கலாம்.

கொல்வதை வைத்துப் பார்த்தால் படம் தலைகீழ். கிறிஸ் டாரிமாண்ட் குழு 2015-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கடலில் வளர்ந்த மீன்களை மனிதன் பிடிக்கும் வீதம் மற்றக் கடல் வேட்டையாடிகளின் வீதத்தைப்போல் 14 மடங்கு. நம்மை வேறுபடுத்துவது எண்ணிக்கை மட்டும் அல்ல, தேர்வும்தான் என்கிறது அந்த ஆய்வு. மற்ற வேட்டையாடிகள் பெரும்பாலும் குட்டிகளையும் நலிந்தவற்றையும் பிடிக்கும். மனிதன் வளர்ந்து, கொழுத்து, இனம் பெருக்கும் வயதில் இருப்பதைத் தேடிப் பிடிக்கிறான். வட்டியை விட்டுவிட்டு முதலிலேயே கைவைக்கும் வேட்டை இது. இதற்கு இயற்கையில் முன்மாதிரி இல்லாததால், இரை விலங்குகளிடம் தற்காப்பும் இல்லை.

பூமியில் உள்ள உயிர்களில் நம் பங்கு எவ்வளவு?

2018-இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோ குழுவினர் உலக உயிர்கள் அனைத்தின் எடையையும் கார்பன் அளவில் மதிப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 55,000 கோடி டன். அதில் 45,000 கோடி டன் தாவரங்கள். மனிதர்கள் 6 கோடி டன், அதாவது மொத்தத்தில் 0.01 சதவீதம்.

அற்பம் என்று தோன்றும். ஆனால் பாலூட்டிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். 36 சதவீதம் மனிதர்கள், 60 சதவீதம் நாம் வளர்க்கும் மாடு, பன்றி முதலியவை. யானை, திமிங்கிலம், புலி, எலி, வௌவால் என்று மிச்சமுள்ள காட்டுப் பாலூட்டிகள் எல்லாம் சேர்ந்து 4 சதவீதம். காட்டு விலங்குகள் நிறைந்த உலகில் ஓரமாக மனிதன் வாழ்வதாகக் குழந்தைகளின் படப் புத்தகங்கள் காட்டுகின்றன. எடைக் கணக்கு அதற்கு நேர்மாறு.

எடையைவிடப் பெரியது நம் கை படும் வேதியியல். காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றும் வழியை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் செய்துகாட்ட, 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைய மனிதரில் ஏறத்தாழ பாதிப் பேர் உண்ணும் உணவு அந்த உரத்தால் விளைவது. நைட்ரஜனைப் பிடித்துத் தருவது கோடிக்கணக்கான ஆண்டுகளாக முக்கியமாகப் பாக்டீரியாக்களின் வேலை. அந்த வேலையில் அவற்றுக்கு ஈடு கொடுக்கும் பாலூட்டி ஒன்று வந்திருப்பது பூமிக்குப் புதிது.

மனிதன் போன இடமெல்லாம் அழிவுதானா?

அழிவுப் பட்டியல் நீளமானது, தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. நியூசிலாந்தில் மனிதர் கால்வைத்தது 13-ஆம் நூற்றாண்டில். ஆள் உயரத்தை மிஞ்சிய மோவா பறவைகள் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வட பசிபிக்கின் ஸ்டெல்லர் கடற்பசுவை 1741-இல் முதன்முதலாக விவரித்தார்கள். 1768-இல் அது இல்லை. கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் இறந்தது.

ஆனால் ‘எல்லா இடத்திலும் எப்போதும்’ என்பது மிகை. அமேசான் காட்டின் பல பகுதிகளில், பழங்கால மக்கள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உண்டாக்கிய கரிய மண் இன்றும் சுற்றியுள்ள மண்ணைவிட வளமாக இருக்கிறது. மொசாம்பிக்கின் நியாஸா காட்டில் யாவோ மக்கள் ஒரு தனி ஒலி எழுப்பித் தேன்காட்டிப் பறவையை அழைக்கிறார்கள். பறவை தேனடைக்கு வழிகாட்டும், இவர்கள் புகை போட்டுத் தேனை எடுப்பார்கள், மெழுகு பறவைக்கு. கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழு 2016-இல் சோதித்தபோது, வேறு ஒலிகள் எழுப்பினால் 16 சதவீதமாக இருந்த தேன் கிடைக்கும் வாய்ப்பு அந்தத் தனி ஒலியால் 54 சதவீதமாக உயர்ந்தது. முழுக் காட்டுப் பறவை அது; யாரும் பழக்கவில்லை, கூண்டில் அடைக்கவில்லை.

மற்ற விலங்குகள் நம்மை எப்படிப் பார்க்கின்றன?

பயத்தோடு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பகுதியில் நீர்நிலைகளுக்கு அருகே ஒலிபெருக்கிகளை மறைத்துவைத்து, சிங்கத்தின் உறுமலையும் மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் குரலையும் ஒலிக்கவிட்டார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, சிங்கக் குரலைக் கேட்டதைவிட மனிதப் பேச்சைக் கேட்டபோது விலங்குகள் ஓட்டம் பிடிக்கும் வாய்ப்பு இரு மடங்கு. கத்தவில்லை, சுடவில்லை, வெறும் பேச்சு.

பயம் நேரத்தையும் மாற்றுகிறது. ஆறு கண்டங்களில் 62 பாலூட்டிகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, மனித நடமாட்டம் உள்ள இடங்களில் அவை பகலை விட்டு இரவுக்கு நகர்வதைக் காட்டியது. மலையேறுபவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் விலங்குகள் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. உடலும் மாறுகிறது: மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொல்லப்பட்டன, தப்பிப் பிழைத்தவற்றிலும் அவற்றின் வாரிசுகளிலும் தந்தமில்லாப் பெண் யானைகளின் விகிதம் வெகுவாகக் கூடியது.

மனிதர்கள் திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும்?

கற்பனை செய்ய வேண்டியதில்லை, சிறிய அளவில் நடந்திருக்கிறது. 1986 அணு உலை விபத்துக்குப் பின் செர்னோபிலைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெலாரஸ் பக்கத்துக் காட்டில் மானும் காட்டுப்பன்றியும் கதிர்வீச்சு இல்லாத சரணாலயங்களில் உள்ள அளவுக்கு இருப்பதாகவும், ஓநாய்கள் ஏழு மடங்கு அதிகமாக இருப்பதாகவும் 2015-இல் கணக்கெடுத்தார்கள். கதிர்வீச்சு நல்லது என்று யாரும் சொல்லவில்லை. வயலும் வேட்டையும் சாலையும் அதைவிடக் கனமாக அழுத்தியிருந்தன.

நட்டமடைபவர்களும் இருப்பார்கள். தலைப்பேனும் உடற்பேனும் நம் மீது மட்டுமே வாழக்கூடியவை; அவை மறுவாரமே இருக்காது. நாம் காவல் காக்காவிட்டால் பெரும்பாலான வளர்ப்புக் கோழிகளின் கதி நரிகளின் கையில்.

மனித இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறதா?

அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலை வெளியிடும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் ஹோமோ சேப்பியன்ஸையும் மதிப்பிட்டு, ‘கவலை குறைந்தவை’ என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. எங்கும் பரவியிருப்பதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பதும் காரணங்கள். 1800-களின் தொடக்கத்தில் 100 கோடி. 2022 நவம்பரில் ஐ.நா. கணக்குப்படி 800 கோடி.

ஆனால் இந்த ஏற்றம் ஓயப்போகிறது. 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு, பிறகு இறங்கும் என்று ஐ.நா. 2024-இல் கணித்தது. பஞ்சத்தாலோ கொள்ளைநோயாலோ அல்ல. மக்கள் குறைவாகப் பிள்ளை பெறுவதால். உணவு பெருகினால் குட்டிகள் பெருகும் என்பதே மற்ற விலங்குகளின் வழக்கம். உணவும் மருந்தும் மிகுந்திருக்கும் இடங்களிலேயே மனிதர்கள் குறைவாகப் பெறுகிறார்கள். எத்தனை பிள்ளை போதும் என்பதையும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் விலங்கு இது என்பதால், அந்தக் கணிப்பு எப்படி வேண்டுமானாலும் மாறலாம்.